மரியா மாண்டிசோரி - மழலையரோடு பல நாடுகளில் வாழ்ந்தவர்

நம் ஊர்களில் 'மாண்டிசோரி' என்ற பெயர்ப்பலகை மாட்டிய மழலையர் பள்ளிகள் ஏராளம். எல்.கே.ஜி., யு.கே.ஜி. போல அதுவும் ஒரு வகுப்பின் பெயர் என்று எண்ணிக்கொண்டு கட்டணம் செலுத்திவிட்டு வருகிற பெற்றோரும் உண்டு. அது ஒரு பெண்மணியின் குடும்பப் பெயர். அவர் இத்தாலி நாட்டுக் கத்தோலிக்கர், மருத்துவர், ஒரு மகனுக்குத் தாய். இரண்டாம் உலகப்போர் நடந்த ஆண்டுகளை அவர் கழித்தது நம் சென்னையிலும், கொடைக்கானலிலும், உதகையிலும்தான் என்பது பலருக்குத் தெரியாது.

மூன்று வயதில் பள்ளிக்கு வருகிற குழந்தை வெறுங்கையோடு வருவதில்லை. வீட்டில் பேசும் மொழி, பாட்டி சொன்ன கதை, உண்ணும் உணவு, கும்பிடும் முறை, தெருவின் விளையாட்டு எல்லாவற்றையும் சுமந்துகொண்டுதான் வருகிறது. பள்ளி அதை என்ன செய்ய வேண்டும்? வாசலில் செருப்போடு சேர்த்து அதையும் கழற்றி வைக்கச் சொல்லலாமா? இந்தக் கேள்வியோடு மரியா மாண்டிசோரியின் வாழ்க்கையைப் படிக்கும்போது, அது நமக்கு மிகவும் நெருக்கமானதாகத் தெரிகிறது.

இத்தாலியில் அங்கோனா நகருக்கு அருகிலுள்ள கியாரவாலே என்ற சிற்றூரில் 1870ம் ஆண்டு ஆகஸ்ட் 31ம் தேதி மரியா பிறந்தார். தந்தை அலெசாண்ட்ரோ அரசு அலுவலர். தாய் ரெனில்டே நிறைய நூல்களைப் படித்தவர், ஆழ்ந்த பக்தியுள்ளவர். மரியாவின் சிறு வயதிலேயே குடும்பம் உரோமைக்குக் குடிபெயர்ந்தது. மகள் மருத்துவம் படிக்கப் போவதில் தந்தைக்கு விருப்பமில்லை. தாய் துணை நின்றார். ஆண்களோடு சேர்ந்து பிணத்தை அறுத்துப் படிக்கக் கூடாது என்று அக்காலத்தில் இருந்த கட்டுப்பாட்டால், மற்றவர்கள் போன பிறகு மாலை வேளையில் தனியே நின்று படித்தார். 1896ம் ஆண்டு உரோமைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் பெண் மருத்துவர் என்று பல நூல்கள் அவரை எழுதுகின்றன. அது சரியன்று, அவருக்கு முன்பே ஒருசிலர் பட்டம் பெற்றிருந்தனர். அவருடைய பெருமைக்கு இந்த மிகைப்படுத்தல் தேவையுமில்லை.

மனநல மருத்துவமனையில் பணியாற்றியபோது, அறிவு வளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்டு, பெரியவர்களோடு அடைத்து வைக்கப்பட்டிருந்த குழந்தைகளை அவர் சந்தித்தார். அவர்களுக்குத் தேவை மருந்தைவிடக் கல்விதான் என்று உணர்ந்தார். இட்டார்ட், செகன் என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்களின் நூல்களைத் தேடிப் படித்து, கையால் தொட்டும் அடுக்கியும் கற்கும் பொருள்களைச் செய்தார். அக்குழந்தைகளில் சிலர் மற்றக் குழந்தைகளுக்கு இணையாகத் தேர்வு எழுதித் தேறினர். ஊரே வியந்தது. ஆனால் மரியாவின் எண்ணம் வேறு பக்கம் ஓடியது. இவர்களே இவ்வளவு கற்க முடிகிறதென்றால், எல்லா வசதியும் உள்ள பள்ளிகளில் படிக்கும் நலமான பிள்ளைகள் ஏன் இவ்வளவு பின்தங்கி நிற்கிறார்கள் என்று சிந்திக்கத் தொடங்கினார்.

அதே காலத்தில் அவருடைய சொந்த வாழ்வில் ஒரு பெரும் துயரம் இருந்தது. உடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவரோடு ஏற்பட்ட உறவில் 1898ம் ஆண்டு அவருக்கு மாரியோ என்ற மகன் பிறந்தான். திருமணம் நடைபெறவில்லை. அந்நாளைய சமூகத்தில் இது வெளியே தெரிந்தால் அவருடைய பணி அத்தோடு முடிந்துபோயிருக்கும். குழந்தையை நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பத்தில் வளர்க்கக் கொடுத்தார். அவ்வப்போது போய்ப் பார்த்து வருவார், தாய் என்று சொல்லிக்கொள்ளாமல். உலகத்துக் குழந்தைகளையெல்லாம் உற்றுநோக்கியவருக்குத் தன் பிள்ளையின் மழலைப் பருவம் கிடைக்காமல் போயிற்று. தாய் ரெனில்டே 1912ம் ஆண்டு இறந்த பிறகுதான் மாரியோ அவரிடம் வந்து சேர்ந்தார். அதன் பின்னும் வெளியுலகுக்கு அவர் உறவுக்காரப் பிள்ளை, வளர்ப்பு மகன் என்றே அறிமுகமானார்.

உரோமையில் சான் லொரென்சோ என்ற பகுதி தொழிலாளர்களும், நாட்டின் பல பக்கங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழைகளும் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். இத்தாலி ஒரே நாடாக இணைந்து அப்போது ஐம்பது ஆண்டுகள்கூட ஆகவில்லை. ஒவ்வொரு மாநிலத்தாரும் தங்கள் வட்டார மொழியைத்தான் வீட்டில் பேசினர். பெற்றோர் வேலைக்குப் போனதும் பள்ளி வயது வராத பிள்ளைகள் மாடிப்படிகளில் கத்திக்கொண்டும், சுவர்களில் கிறுக்கிக்கொண்டும் திரிந்தனர். கட்டடம் பாழாகிறதே என்று கவலைப்பட்ட உரிமையாளர்கள்தான், ஒரு அறையில் இவர்களை அடைத்து வைக்க வழி கேட்டு மரியாவிடம் வந்தனர். இப்படித்தான் 1907ம் ஆண்டு சனவரி 6ம் தேதி, வியா தெய் மார்சி தெருவில் 58ம் எண் கட்டடத்தில் 'குழந்தைகள் இல்லம்' தொடங்கியது. ஏறத்தாழ ஐம்பது பிள்ளைகள்.

சனவரி 6 என்பது நாம் மூன்று இராஜாக்கள் திருவிழா என்று சொல்லும் திருக்காட்சிப் பெருவிழா. தொடக்க விழாவில் பேச எழுந்த மரியா, அன்றைய திருப்பலியில் வாசிக்கப்படும் இறைவாக்கினர் எசாயாவின் பகுதியை அங்கே வாசித்தார். பல நாட்டு மக்கள் ஒளியை நோக்கி வரும் காட்சியைச் சொல்லும் வாசகம் அது. அழுத கண்ணும் அழுக்கு உடையுமாக நின்ற ஐம்பது பிள்ளைகளுக்கு முன் இப்படி ஒரு வாசகமா என்று அங்கிருந்தவர்கள் திகைத்திருப்பார்கள்.

அங்கு நடந்ததைப் பல நூல்கள் விரிவாகச் சொல்லிவிட்டன. சிறிய மேசை, சிறிய நாற்காலி, கைக்கெட்டும் அலமாரி. ஒன்றைவிட ஒன்று சிறியதாகப் பத்துக் கனசதுரங்களை அடுக்கும் கோபுரம். உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளை விரலால் தடவிப் படிக்கும் முறை. இந்தக் கடைசி முறையைக் கேட்டதும் நம் தாத்தா பாட்டிமார் சிரித்திருப்பார்கள். நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் அ, ஆ எழுதிய பழக்கம் அதைவிடப் பழையது. சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஆங்கிலிக்கன் குரு, 18ம் நூற்றாண்டின் இறுதியிலேயே அதைப் பார்த்து இங்கிலாந்துக்குக் கொண்டு போனார். குழந்தையின் விரல் எல்லா நாட்டிலும் ஒரே விதமாகத்தான் கற்கிறது. எழுத்துதான் மாறுகிறது.

1908ம் ஆண்டு டிசம்பரில் மெஸ்ஸினா நகரை நிலநடுக்கம் அழித்தது. பெற்றோரை இழந்த அறுபது குழந்தைகள் போல உரோமைக்குக் கொண்டு வரப்பட்டு, ஜூஸ்தி தெருவிலுள்ள மரியின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சகோதரிகள் இல்லத்தில் சேர்க்கப்பட்டனர். சொந்தப் பெயர்கூடத் தெரியாத பிள்ளைகள் அவர்களில் இருந்தார்கள். அவர்கள் சிசிலியின் பேச்சைத் தவிர வேறு அறியாதவர்கள். பேச்சையே நிறுத்திவிட்டவர்களும் இருந்தனர். மாண்டிசோரியின் வழிமுறைப்படி அச்சகோதரிகள் அவர்களுக்குப் பூந்தோட்டமும், உணவு மேசை அமைக்கும் வேலையும், ஓசையற்ற அன்பும் கொடுத்தனர். மெல்ல மெல்ல அப்பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கினார்கள். இந்தச் சகோதரிகளின் சபை தோன்றியது நம் உதகமண்டலத்தில், 1877ம் ஆண்டில் என்பதை இங்கே பெருமையோடு நினைத்துக்கொள்வோம்.

அதன் பிறகு மாண்டிசோரியின் பெயர் உலகெங்கும் பரவியது. 1909ம் ஆண்டு வெளியான அவரது நூல் இருபதுக்கு மேற்பட்ட மொழிகளில் வந்தது. 1918ம் ஆண்டு திருத்தந்தை 15ம் பெனடிக்ட் அவரது பணிக்கு ஆசீர் வழங்கினார். பார்சலோனாவில் அவர் பணியாற்றியபோது, பிள்ளைகள் கோதுமை விதைத்து, திராட்சைக் கொடி நட்டு, அறுவடை செய்து, திருப்பலிக்குரிய அப்பமும் இரசமும் எங்கிருந்து வருகின்றன என்று கையாலேயே அறிந்துகொண்டனர். ஸ்பெயினின் கற்றலான் மக்களுடைய அரசியல் போராட்டத்தில் தங்கள் பக்கம் நின்று அறிக்கை விடும்படி அங்கே அவரை வற்புறுத்தினார்கள். மறுத்தார், உதவி நின்றது. இத்தாலியிலோ முசோலினி 1924ம் ஆண்டு முதல் அவருடைய பள்ளிகளுக்குப் பேராதரவு தந்தார். மரியாவும் அதை ஏற்றுக்கொண்டார். இதை அவருடைய வாழ்வின் ஒரு கரும்புள்ளி என்று சொல்பவர்கள் உண்டு, அதில் நியாயமும் உண்டு. எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே சீருடை, ஒரே வணக்கம், ஒரே முழக்கம் என்று விரும்பும் ஆட்சிக்கும், ஒவ்வொரு குழந்தையும் தன் போக்கில் வளர வேண்டும் என்ற கல்விக்கும் எத்தனை நாள் ஒத்துப்போகும்? 1934ம் ஆண்டு அவர் இத்தாலியை விட்டு வெளியேறினார், அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. ஜெர்மனியில் நாசிகளும் அப்பள்ளிகளை மூடி, அவருடைய நூல்களைத் தீயிட்டனர். 1936ம் ஆண்டு ஸ்பெயினில் உள்நாட்டுப்போர் மூண்டதும் அங்கிருந்தும் தப்பி, நெதர்லாந்தில் தங்கினார்.

1939ம் ஆண்டு நவம்பரில் அவரும் மாரியோவும் சென்னைக்கு வந்தார்கள். அடையாறு பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும், அவருடைய மனைவி ருக்மிணி தேவியும் அழைத்திருந்தனர். கத்தோலிக்கரான அவர் அங்கே போய்த் தங்கலாமா என்று முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள். அவர் தம் விசுவாசத்தையும் விடவில்லை, விருந்தோம்பியவர்களையும் விடவில்லை.

அடையாற்றில் தென்னோலைக் கீற்று வேய்ந்த குடிசைகள் எழுந்தன. முந்நூறுக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் இந்தியாவின் பல மாநிலங்களிலிருந்து வந்து கூடினர். இந்துக்கள், இஸ்லாமியர், பார்சிகள், கிறிஸ்தவர்கள் எல்லாரும் தரையில் அமர்ந்து கேட்டனர். அவர் இத்தாலிய மொழியில் பேசுவார், மாரியோ அதை ஆங்கிலத்தில் சொல்வார், கேட்பவர்கள் தங்கள் மனதுக்குள் தமிழுக்கோ குஜராத்திக்கோ மராத்திக்கோ மாற்றிக்கொள்வார்கள். ஒரு சொல் மூன்று படிக்கட்டு இறங்க வேண்டியிருந்தது. இப்படிப் பேசிப் பழகியதாலோ என்னவோ, பேச்சைக் குறைத்து, கையால் செய்து காட்டுவதை மேலும் எளிமையாக்கினார் என்றே தோன்றுகிறது. எழுபது வயதை நெருங்கிய அந்த அம்மையார் வெள்ளைச் சேலை உடுத்திய நிழற்படங்களும் இருக்கின்றன.

மூன்று மாதப் பயிற்சி முடிந்து திரும்புவதாக இருந்தது. 1940ம் ஆண்டு ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. பிரிட்டிஷ் ஆட்சியின் கீழிருந்த இந்தியாவில் இத்தாலியர் எல்லாரும் ஒரே நாளில் எதிரி நாட்டாராயினர். மாரியோ கைதாகி அகமதுநகர் முகாமுக்கு அனுப்பப்பட்டார். மரியா அடையாற்றை விட்டு வெளியே போக முடியாமல் தனித்துவிடப்பட்டார். பேரப்பிள்ளைகள் நால்வரும் ஜெர்மானியர் பிடித்துக்கொண்ட நெதர்லாந்தில் இருந்தனர். முசோலினியை விட்டு வெளியேறி வந்தவரையே முசோலினியின் நாட்டவர் என்று காவலில் வைத்தது போர். 1940ம் ஆண்டு ஆகஸ்ட் 31ம் தேதி, எழுபதாவது பிறந்தநாளன்று, அரசப் பிரதிநிதியிடமிருந்து ஒரு தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக அவருடைய மகனைத் திருப்பி அனுப்புவதாக அதில் இருந்தது. அவரை மகன் என்று வெளியுலகம் முதல்முறையாகச் சொன்னது அந்தத் தந்தியில்தான். நாற்பத்திரண்டு ஆண்டுகள் ஒளித்து வைத்த உறவைச் சென்னையில் ஒரு அரசாங்கத் தந்தி வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தது. அதன் பிறகு அதை மறைக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

கோடைகாலங்களில் உதகைக்குப் போகவும், பிறகு 1942ம் ஆண்டு கொடைக்கானலுக்குப் போய்த் தங்கவும் அனுமதி கிடைத்தது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அங்கே வாழ்ந்தார். அம்மலையில் அப்போது போரினால் ஊர் திரும்ப முடியாத ஐரோப்பியக் குடும்பங்களும் இந்தியக் குடும்பங்களும் இருந்தன. அவர்களுடைய பிள்ளைகளுக்காக ஒரு சிறு பள்ளி நடந்தது. இலங்கையைச் சேர்ந்த லீனா விக்கிரமரத்ன என்ற ஆசிரியை உடன் இருந்து உதவினார். தகப்பன்மார் எதிரெதிர்ப் பக்கம் நின்று போரிட்ட நாடுகள். பிள்ளைகள் ஒரே குளக்கரையில் தவளை முட்டை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மழலையரும் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளும் கலந்து பழகினார்கள். மொழி தெரியாத சின்னப் பிள்ளைக்கு மொழி தெரிந்த பெரிய பிள்ளை துணையாகும். பூ, இலை, கல், பூச்சி என்று கொண்டு வந்து காட்டியவையெல்லாம் பாடமாயின. நட்சத்திரம் முதல் புல் வரை, பழங்கால மனிதன் முதல் இன்றைய தொழிலாளி வரை எல்லாம் ஒன்றையொன்று சார்ந்திருக்கிறது என்று கற்பிக்கும் அவருடைய கல்வித் திட்டம் உருப்பெற்று வளர்ந்தது இந்த மலையில்தான்.

இந்தியாவில் அவருடைய வகுப்புகளில் நடந்ததாக ஒரு நிகழ்ச்சியைச் சொல்வார்கள். தங்கள் நாகரிகம் ஐரோப்பாவின் நாகரிகத்தைவிட மிகப் பழையது என்று சில மாணவர்கள் பெருமை பேசினார்களாம். மறுத்துப் பேசாமல், நீளமான ஒரு கறுப்புத் துணிச்சுருளைச் சாலையில் விரிக்க ஏற்பாடு செய்தார். பூமியின் வயது முழுவதும் அந்தக் கறுப்பு. கடைசி நுனியில் மெல்லிய ஒரு வெள்ளைக் கீற்று, மனிதர் எல்லாரும் தோன்றி வாழ்ந்த காலம் அவ்வளவுதான். அந்தக் கீற்றுக்குள் எந்த நாட்டுக்காரர் முந்தி, எந்த நாட்டுக்காரர் பிந்தி என்று எப்படிப் பிரிப்பது? இன்றும் உலகெங்கும் மாண்டிசோரி பள்ளிகளில் அந்தக் கறுப்புச் சுருளை விரிக்கிறார்கள்.

நம் நாட்டில் அவர் கற்றுக்கொண்டதும் நிறைய. இங்கே தாய்மார் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே சந்தைக்கும், வயலுக்கும், கோயிலுக்கும் போவதை அவர் உற்றுப் பார்த்தார். தனி அறையில் தொட்டிலில் கிடக்கும் ஐரோப்பியக் குழந்தையைவிட, இடுப்பில் இருக்கும் குழந்தை எவ்வளவு பேச்சைக் கேட்கிறது, எத்தனை முகங்களைப் பார்க்கிறது! பிறந்தது முதல் ஆறு வயது வரை குழந்தையின் மனம் சூழலைப் பஞ்சு போல உறிஞ்சிக்கொள்கிறது என்ற அவருடைய முக்கியமான நூல், அகமதாபாத் சொற்பொழிவுகளிலிருந்து உருவாகி, 1949ம் ஆண்டு சென்னை அடையாற்றில் அச்சானது. எந்த நாட்டில் பிறந்தாலும் அந்நாட்டின் மொழியை ஆசிரியர் இல்லாமலே குழந்தை கற்கிறது. மொழியோடு அம்மக்களின் பழக்கமும், பாசமும், பக்தியும் அதன் உயிரில் கலந்துவிடுகின்றன என்கிறார். இந்தியர் விலங்குகளிடம் காட்டும் பரிவை அவர் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார். வளர்ந்த பின் வந்து குடியேறுகிற ஒருவர் அதை மதிக்கலாம், ஆனால் அந்த உணர்வை அதே ஆழத்தில் பெற முடியாது.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் வருகின்றன. ஒன்று, வீட்டின் மொழியையும் பண்பாட்டையும் பிடுங்கி எறிந்தால் குழந்தையின் ஒரு பகுதியையே பிடுங்குகிறோம். மற்றொன்று, வேறு மொழி பேசும், வேறு விதமாக உண்ணும், வேறு விதமாகச் செபிக்கும் இன்னொரு குழந்தையின் அருகே உட்கார வைப்பதற்கு இதைவிட நல்ல வயது வேறு இல்லை. மூன்று வயதில் பக்கத்துப் பிள்ளை வேறு மாதிரி என்பது வியப்பு மட்டுமே. பதின்மூன்று வயதில் அது கேலியாகிவிடலாம், முப்பதில் பகையாகவும் முற்றலாம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். அவருடைய கருவிகள் விலை கூடியவை, அளவு பிசகாமல் செய்ய வேண்டியவை. 1931ம் ஆண்டு அக்டோபரில் இலண்டனில் அவருடைய பயிற்சிக் கல்லூரிக்குச் சென்ற காந்தியடிகள், இந்தக் கல்வி பணக்காரப் பிள்ளைகளோடு நின்றுவிடாமல் ஏழைகளின் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அந்தக் கவலை வீண்போகவில்லை என்பதை இன்று நகரத்து மாண்டிசோரி பள்ளிகளின் கட்டணத்தைப் பார்த்தாலே தெரியும். சான் லொரென்சோவின் ஏழைப் பிள்ளைகளுக்காகப் பிறந்தது, ஏழைக்கு எட்டாததாகப் போனது.

ஆனால் அதை எட்டச் செய்தவர்களும் நம் நாட்டில் இருந்தார்கள். குஜராத்தில் பாவ்நகரில் கிஜுபாய் பதேகா 1920ம் ஆண்டிலேயே பால மந்திர் தொடங்கி, மாண்டிசோரியின் முறையோடு நாட்டுக் கதைகளையும், பாடல்களையும், நாடகத்தையும் சேர்த்தார். அவரோடு பணியாற்றிய தாராபாய் மோடக் அம்மையார், 1945ம் ஆண்டு மகாராஷ்டிரத்தின் கடலோரச் சிற்றூரான போர்டியில், பின்னர் கோஸ்பாடில், அனுதாய் வாக் அம்மையாருடன் சேர்ந்து பழங்குடிப் பிள்ளைகளிடம் பள்ளியைக் கொண்டு போனார். பிள்ளைகள் பள்ளிக்கு வராவிட்டால் பள்ளி அவர்கள் முற்றத்துக்குப் போகட்டும் என்பது அவர் வழி. விலை உயர்ந்த கருவிகளின் இடத்தில் விதைகள், கிளிஞ்சல்கள், இலைகள், கூழாங்கற்கள் வந்தன. முற்றம் என்று பொருள்படும் 'அங்கன்' என்ற சொல்லிலிருந்து அவர் வழங்கிய பெயர்தான் அங்கன்வாடி. 1975ம் ஆண்டு அரசின் குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் அப்பெயரை எடுத்துக்கொண்டது. நம் தெருக்கோடி அங்கன்வாடிக்கும் உரோமையின் அந்தக் குழந்தைகள் இல்லத்துக்கும் இப்படி ஒரு உறவு இருக்கிறது.

இதைப் படிக்கும் பள்ளித் தாளாளர்களும் அருள்சகோதரிகளும் பொறுத்துக்கொண்டால் ஒன்று சொல்லலாம். தமிழில் பேசிய மழலைக்கு அபராதம் போடும் பள்ளிகள் நம்மிடையே இன்னும் உள்ளன. பனிப்பொழிவையும் இலண்டன் பாலத்தையும் பற்றி ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளைக்கு, தன் ஊர் வயலில் விளைவது என்னவென்று தெரிவதில்லை. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் கட்டட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள், நம் அங்கன்வாடிகளில் ஒரு மூலையில் பேச்சற்று உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளையின் அம்மாவை ஒரு நாள் அழைத்து, அவர்கள் ஊர்த் தாலாட்டு ஒன்றைப் பாடச் சொன்னால் என்ன? மாண்டிசோரியின் முறையில் பொத்தான் போடுவதும், தண்ணீர் ஊற்றுவதும், தரை துடைப்பதும் பாடங்கள். வீட்டில் பெரியவர்கள் செய்யும் வேலை எதுவோ அதுவே குழந்தையின் முதல் பாடம். அப்படியானால் நம் பள்ளியில் பூத் தொடுப்பதும், கீரை ஆய்வதும், கோலப்பொடி பிடிப்பதும், கஞ்சிக்கு உப்புப் போடுவதும் பாடமாகலாமே. இரமலான் நாளில் ஒரு பிள்ளை கொண்டு வரும் நோன்புக் கஞ்சியும், பொங்கலன்று ஒரு பிள்ளை கொண்டு வரும் கரும்புத் துண்டும், கிறிஸ்துமசுக்கு ஒரு பிள்ளை கொண்டு வரும் அதிரசமும் ஒரே பாயில் வைத்து உண்ணப்படுவதற்கு எந்தக் கருவியும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை.

1946ம் ஆண்டு மரியா நெதர்லாந்து திரும்பினார். பேரப்பிள்ளைகளைப் பார்த்தார். ஆனால் இந்தியா அவரை விடவில்லை. மறு ஆண்டே திரும்பி வந்து, நாட்டின் பிரிவினைத் துயரத்தையும் கண்டார். பயிற்சிகள் நடத்தினார், பாகிஸ்தானின் கராச்சிக்கும் சென்றார். போர்க்காலத்திலும் அதன் பின்னும் இந்தியாவில் அவரிடம் பயின்ற ஆசிரியர்கள் ஆயிரத்துக்கு மேல் என்பார்கள். அமைதிக்கான நோபல் பரிசுக்கு 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளில் அவர் பெயர் முன்மொழியப்பட்டது, கிடைக்கவில்லை. 1952ம் ஆண்டு மே 6ம் தேதி, நெதர்லாந்தின் நோர்ட்விக் கடற்கரையூரில், தமது 81வது வயதில் இறைவனடி சேர்ந்தார். மகன் மாரியோ அருகில் இருந்தார். தம் சொத்துக்கு வாரிசாக அவரைத் தம் மகன் என்று எழுதியே விட்டுச் சென்றார்.

எந்த நாட்டில் இறக்கிறேனோ அங்கேயே என்னைப் புதையுங்கள் என்பது அவர் விருப்பம். அதன்படி நோர்ட்விக் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். உரோமையில் வெரானோ கல்லறைத் தோட்டத்திலுள்ள அவருடைய பெற்றோரின் கல்லறையில் ஒரு நினைவுப் பலகை மட்டும் இருக்கிறது. அந்தத் தோட்டத்துக்கு அடுத்துதான் சான் லொரென்சோ தொடங்குகிறது.